சனிக்கிழமை 15 பேர் தேறுவாங்களா? - கார்ன்வாலின் 'எட்டாம் படி' ரக்பி கதை!

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச்சுக்கு 11 பேரைச் சேர்க்க, முந்தின நாள் ராத்திரி முழுக்க போன் போட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கா? "மச்சி, ஒரு ஆள் குறையுதுடா... உன் தம்பியையாவது கூட்டிட்டு வா"ன்னு கெஞ்சியிருக்கீங்களா? அப்படின்னா இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு கிராமத்து ரக்பி கேப்டனின் கவலை உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். என்ன ஒண்ணு, அவருக்குத் தேவை 11 பேர் இல்லை, 15 பேர்!

ரக்பின்னாலே நமக்கு ஞாபகம் வருவது நியூசிலாந்து அணியின் ஹாக்கா நடனமும், நிரம்பி வழியும் ஸ்டேடியமும்தான். ஆனால், அந்தப் பளபளப்புக்கு ரொம்பக் கீழே இன்னொரு ரக்பி உலகம் இருக்கிறது. அங்கே டிவி கேமரா கிடையாது, சம்பளம் கிடையாது, சில மைதானங்களில் உட்கார நாற்காலிகூடக் கிடையாது. அப்படி ஓர் உலகமான 'கவுன்ட்டீஸ் 2 கார்ன்வால்' லீக்கைத்தான் இப்போ சுற்றிப் பார்க்கப் போறோம்.

முதல்ல, கார்ன்வால் எங்கே இருக்கு?

இங்கிலாந்து வரைபடத்தில் கீழே இடதுபக்கம், கடலுக்குள் கால் நீட்டியபடி ஒரு நிலம் தெரியும். அதுதான் கார்ன்வால். மூன்று பக்கமும் கடல். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 5.7 லட்சம் பேர் வசிக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு பழைய மொழி, தனிக்கொடி, 'நாங்க இங்கிலீஷ்காரங்க இல்லை, கார்னிஷ்காரங்க' என்று சொல்லிக்கொள்ளும் பெருமை எல்லாம் உண்டு. அந்தப் பெருமை அதிகம் வெளிப்படும் இடம் ரக்பி மைதானம்.

ரக்பி: ஒரு குட்டி அறிமுகம்

ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர். ஒரு பாதி 40 நிமிடங்கள், மொத்தம் 80 நிமிடங்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால், கையால் முன்பக்கம் தூக்கிப் போடக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் பாஸ் பண்ண வேண்டும்.

எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'ட்ரை', 5 புள்ளி. அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. பெனால்ட்டி கிக் என்றால் 3. பந்தோடு ஓடுபவரைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதுதான் 'டேக்கிள்'. கபடியில் ரெய்டரை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

அதென்ன எட்டாம் படி?

இங்கிலாந்து ரக்பி ஓர் ஏணி மாதிரி. உச்சிப் படியில், நட்சத்திர வீரர்கள் ஆடும் தொழில்முறை லீக். அதற்குக் கீழே தேசிய லீக்குகள், பிறகு பிராந்திய லீக்குகள். ஏழாம் படியில் இருந்துதான், மாவட்டம் போன்ற 'கவுன்ட்டி' அளவிலான லீக்குகள் ஆரம்பிக்கின்றன. அதில் எட்டாவது படிதான் கவுன்ட்டீஸ் 2 கார்ன்வால். இதில் ஜெயிக்கும் அணி, பக்கத்து டெவான் கவுன்ட்டி அணிகளும் ஆடும் 'கவுன்ட்டீஸ் 1 வெஸ்டர்ன் வெஸ்ட்' லீக்குக்கு ஏறலாம். கணக்குப்படி பார்த்தால், எந்தக் கிராமத்து அணியும் வருஷத்துக்கு ஒரு படி ஏறிக்கொண்டே போகலாம். நடைமுறையில்? நாலைந்து படி ஏறினாலே பெரிய சரித்திரம்தான் பாஸ்!

முன்பு 'கார்ன்வால் 1' என்ற பெயரில் இருந்த லீக் இது. 2022-ல் மொத்த ஏணியையும் மாற்றி அமைத்தபோதுதான் இப்போதைய பெயர் வந்தது. அதற்கும் முன்னால் போனால் இன்னோர் ஆச்சர்யம். 1987 வரை, இங்கிலாந்து ரக்பியில் நாடு முழுவதையும் இணைக்கும் லீக் முறையே கிடையாது. கிளப்புகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு நட்புப் போட்டிகள் ஆடின, கோப்பைக்காக மோதின, அவ்வளவுதான்.

இங்கே புள்ளிக் கணக்கு ரொம்ப சிம்பிள். ஜெயித்தால் 4, டிரா என்றால் 2. நாலு ட்ரை அடித்தால் போனஸ் 1. தோற்றாலும், 7 புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் ஆறுதலாக 1. அதனால் தோற்கப்போகிற அணியும் கடைசி நிமிடம் வரை விடாமல் ஓடும்.

கார்ன்வாலின் கீழ்ப்படி லீக்குகளில் ஆடிய அணிகளின் பெயர்களைப் பாருங்க: செயின்ட் ஜஸ்ட், செயின்ட் ஆக்னஸ், பெரன்போர்த், நியூக்வே ஹார்னெட்ஸ், ஸ்டிதியன்ஸ், ரோஸ்லேண்ட், ஹெல்ஸ்டன், ஃபால்மத். முக்கால்வாசி சின்ன ஊர்கள். செயின்ட் ஜஸ்ட் இருப்பது இங்கிலாந்து நிலம் முடியும் 'லேண்ட்ஸ் எண்ட்' பக்கத்தில். அதைத் தாண்டினால் அட்லான்டிக்தான்!

சம்பளம்னு கேட்டா சண்டை!

'அமெச்சூர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வர்க்கப் போராட்டமே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் வடக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் ரக்பி ஆடப் போனால், அன்றைய கூலி போய்விடும். 'இழந்த கூலியை மட்டுமாவது கொடுங்க' என்று வடக்கு கிளப்புகள் கேட்டன. 'காசு வாங்கி ஆடுவது விளையாட்டுக்கே இழுக்கு' என்றது தலைமை. கையில் காசு இருப்பவர்களுக்கு அந்தக் கொள்கை சுலபம். ஷிஃப்ட் பார்த்துப் பிழைப்பவருக்கு? 1895-ல், ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஒரு ஹோட்டலில் கூடிய வடக்கு கிளப்புகள் தனியாகப் பிரிந்துபோயின. அதுதான் பின்னாளில் 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்' ஆனது. 'ரக்பி யூனியன்' மட்டும் 1995 வரை, அதாவது சரியாக நூறு வருஷம், அமெச்சூராகவே இருந்தது.

கார்ன்வாலும் உழைப்பாளிகளின் பூமிதான். ஆனால் அது யூனியனோடே நின்றுவிட்டது. இன்றைக்கும் எட்டாம் படியில் ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. சொல்லப்போனால், அவர்தான் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு ஆட வேண்டும். வாரநாளில் தச்சர், விவசாயி, டீச்சர், நர்ஸ்... சனிக்கிழமை மதியம் மட்டும் ரக்பி வீரர்!

சுரங்கம் மூடியது, மைதானம் மூடவில்லை!

கார்ன்வாலின் பழைய தொழில், டின் எனப்படும் வெள்ளீயமும் செம்பும் தோண்டுவது. 19-ம் நூற்றாண்டில் தொழில் படுத்தபோது, ஆயிரக்கணக்கான கார்னிஷ் சுரங்கத் தொழிலாளிகள் மெக்ஸிகோ, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று கிளம்பினார்கள். உலகம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்த செல்லப்பெயர் 'கசின் ஜாக்'.

அவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடம் நமக்கு நல்லாவே தெரியும். 'கே.ஜி.எஃப்' என்று சினிமா சொன்ன கோலார் தங்கவயல்தான்! 1880-களில் அங்கே சுரங்கம் நடத்த ஆரம்பித்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம். கார்ன்வால்காரர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். வட ஆற்காடு உள்ளிட்ட பகுதிகளில் இருந்து போன தமிழர்கள் பாதாளத்தில் இறங்கித் தோண்டினார்கள். ஒரே சுரங்கம்தான், ஆனால் இரண்டு பேருக்கும் வேறுவேறு கூலி, வேறுவேறு வாழ்க்கை.

கார்ன்வாலின் கடைசி டின் சுரங்கமான சவுத் க்ராஃப்டி 1998-ல் மூடப்பட்டது. கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. வேலை போன பிறகு ஓர் ஊரைச் சேர்த்துப் பிடிப்பது எது? சவுத் க்ராஃப்டியின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் கேம்போர்ன், ரெட்ரூத் ஊர்க்காரர்களிடம் கேட்டால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கும் இரண்டு ஊர் ரக்பி மேட்ச்சைத்தான் கை காட்டுவார்கள். அவ்வளவு பழைய பகை, அவ்வளவு பழைய பாசம்!

கிராமத்துல இருந்து உலகக்கோப்பைக்கு!

'எட்டாம் படிதானே'ன்னு லேசா நினைச்சிடாதீங்க. 1908 லண்டன் ஒலிம்பிக் ரக்பியில் பிரிட்டன் சார்பாக ஆடியது, அந்த வருஷத்தின் கவுன்ட்டி சாம்பியனான கார்ன்வால் அணிதான். இறுதிப்போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் 32-3 என்று அடி வாங்கினாலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. போட்டியில் கலந்துகொண்டதே இரண்டு அணிகள்தான் என்பது தனிக்கதை!

அடுத்து கவுன்ட்டி சாம்பியன் ஆக அவர்கள் காத்திருந்தது 83 வருஷங்கள். 1991-ல் லண்டனின் ட்விக்கன்ஹாம் ஸ்டேடியத்துக்கு, கருப்பும் தங்க நிறமும் அணிந்த கார்னிஷ் ரசிகர்கள் பல்லாயிரக்கணக்கில் படையெடுத்தார்கள். கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில், யார்க்‌ஷயரை 29-20 என்று வீழ்த்தியது கார்ன்வால்.

2003 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில், ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 20-17 என்று வென்றது இங்கிலாந்து. அந்த அணியின் முன்வரிசையில் இரண்டு ஓரங்களிலும் நின்றவர்கள் ட்ரெவர் உட்மன், ஃபில் விக்கரி. உட்மன் முதலில் ஆடியது கார்ன்வாலின் லிஸ்கர்ட்-லூ கிளப்பில். விக்கரி, பியூட் என்ற கடற்கரை ஊர் கிளப்பில் ஆடி வளர்ந்த விவசாயக் குடும்பத்துப் பையன். இரண்டுமே கார்ன்வாலின் கீழ்ப்படி லீக்குகளில் ஆடிய கிளப்புகள். உச்சிப் படிக்கு ஆள் அனுப்புவது இந்த அடிப்படிகள்தான் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

இப்போ என்ன பிரச்னை?

ஆள்! அதான் பிரச்னை.

படிப்புக்கும் வேலைக்கும் இளைஞர்கள் பிரிஸ்டல், லண்டன் என்று கிளம்பிவிடுகிறார்கள். கடற்கரை ஊர்களில் வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளாக வாங்கிக் குவிப்பதால், உள்ளூர்ப் பசங்களுக்கு வீட்டு விலையும் வாடகையும் எட்டாக்கனி. ஊரில் தங்கியவர்களில் பலருக்குச் சுற்றுலாத் தொழிலில்தான் வேலை. ஹோட்டலில் சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம், அன்றைக்கு எப்படி லீவு கேட்பது? கவுன்ட்டியின் ஒரு முனையில் இருக்கும் பியூட் பக்கத்தில் இருந்து மறுமுனையில் இருக்கும் செயின்ட் ஜஸ்ட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஒரு வெளியூர் மேட்ச் என்றால் முழு நாளும் காலி.

இதில் இன்னொரு சிக்கல், யாரோ 15 பேர் வந்தால் போதாது. 'ஸ்க்ரம்' என்ற முட்டுமோதலில் முன்வரிசையில் நிற்கும் மூன்று பேருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். தவறாக முட்டினால் கழுத்துக்கே ஆபத்து. பயிற்சி பெற்றவர் வரவில்லை என்றால், தள்ளுமுள்ளு இல்லாமல் பேருக்குத்தான் ஸ்க்ரம் நடக்கும். ஆளே தேறாமல் ஆட்டத்தைக் கைவிட்டால் எதிரணிக்கு 'வாக்ஓவர்', உங்களுக்குப் புள்ளி குறையும். இது அடிக்கடி நடந்தால் அணியே லீக்கைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

இதற்கு இங்கிலாந்து ரக்பி நிர்வாகம் கண்டுபிடித்த ஒரு தீர்வின் பெயர் 'கேம் ஆன்'. கீழ்ப்படிகளில் ஆள் குறைந்தால், இரண்டு கேப்டன்களும் பேசிவைத்து ஓர் அணிக்கு 10 பேர்வரை குறைத்துக்கொண்டும் ஆடலாம், நேரத்தைச் சுருக்கலாம், வெளியே போனவரைத் திரும்ப இறக்கலாம். நம்ம தெருக் கிரிக்கெட்டில் 'காமன் ஃபீல்டர்' வெச்சு ஆடுற மாதிரிதான். முறைப்படி முழு மேட்ச் ஆடுவதைவிட, எப்படியாவது ஆடுவது முக்கியம் என்று தலைமையே ஒப்புக்கொண்டுவிட்டது!

தலை பத்திரம்!

ஆள் வராததற்கு, வெளிப்படையாகப் பேசப்படும் இன்னொரு காரணம் பயம். 2003-ல் உட்மனுக்கும் விக்கரிக்கும் நடுவில் நின்று கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்ப்சன், தனக்கு இளம் வயதிலேயே மறதிநோய் வந்துவிட்டதாக 2020-ல் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 42. அந்த உலகக்கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்று அவர் சொன்னது, ரக்பி உலகையே உலுக்கியது. எந்த அம்மா இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை நிம்மதியாக மைதானத்துக்கு அனுப்புவார்?

2023 ஜூலையில் இருந்து, இங்கிலாந்தின் அமெச்சூர் ரக்பியில் டேக்கிள் உயரம் குறைக்கப்பட்டது. முன்பு தோள் வரை பிடிக்கலாம். இப்போது நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். இரண்டு பேரின் தலையும் மோதிக்கொள்வதைக் குறைப்பதுதான் நோக்கம். 'இருபது வருஷப் பழக்கத்தை எப்படி மாத்துறது' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால், திங்கள்கிழமை காலை இவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயாக வேண்டும். சம்பளமே வாங்காத ஆட்டத்துக்கு மூளையை விலையாகக் கேட்பது நியாயமா?

விசில் அடிச்ச பிறகுதான் விஷயமே!

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கைகொடுத்துக்கொண்டு கிளப் கட்டடத்துக்குள் போகும். அரை மணி நேரம் முன்னால் சேற்றில் புரட்டி எடுத்தவரோடு ஒரே மேஜையில் சாப்பாடு. பெரும்பாலும் தன்னார்வலராக வரும் நடுவருக்கும் அங்கே ஒரு தட்டு உண்டு. சமையலறையில் நிற்பவர் ஒரு வீரரின் அம்மாவாக இருக்கலாம், மைதானத்தில் கோடு போட்டவர் முன்னாள் கேப்டனாக இருக்கலாம். பிறந்தநாள், கல்யாண விருந்து, இரங்கல் கூட்டம் எல்லாமே அதே ஹாலில்தான். அணி கலைந்தால் போவது ஒரு லீக் இடம் மட்டும் இல்லை, ஊர் கூடும் கடைசி இடமும் சேர்த்துத்தான்.

கார்ன்வாலின் பழைய முழக்கம் ஒன்று உண்டு: 'ஒன் அண்ட் ஆல்'. ஒருத்தருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருத்தர்ன்னு அதைப் புரிஞ்சுக்கலாம். எட்டாம் படியில் அது வெறும் வாசகம் இல்லை, கணக்கு. 14 பேர் வந்திருக்கும்போது, வண்டியை நிறுத்திவிட்டு ஷூவோடு ஓடிவரும் அந்தப் பதினைந்தாவது ஆள்தான் அன்றைய ஹீரோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்க டீம் குரூப்பில் 'நாளைக்கு யார் யார் வர்றீங்க?'ன்னு மெசேஜ் வந்தா, ப்ளூ டிக் மட்டும் விட்டுட்டுப் போகாம, ஒரு பதில் போடுங்க பாஸ். அந்த ஒரு ஆள் நீங்களா இருக்கலாம்!