சாவா மூவாப் பேராடும் சட்டம் மறந்த நாய்க்குட்டியும்

வளர்த்தவர் இறந்துவிட்டால் அவருடைய நாய்க்கு யார் சோறு போடுவது? கேட்கும்போது சின்னக் கேள்வியாகத்தான் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்கு வந்து, வாடகை வீட்டில் தனியாக இருப்பவர் ஒரு நாய் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பீரோ, டிவி, பைக் எல்லாவற்றையும் உறவினர்கள் வந்து எடுத்துப் போவார்கள். நாய் மட்டும் பூட்டிய கேட் முன்னால் உட்கார்ந்திருக்கும்…

பணம் வைத்துவிட்டுப் போனால் போதாதா என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கலே ஆரம்பம். அதைப் புரிந்துகொள்ள ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

கல்லில் எழுதிய ஆடுகள்

திருவொற்றியூர் இன்று சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்குள்ள சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது விளக்கு தானம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும், அதற்காக 90 ஆடுகள் கொடுக்கப்பட்டன என்கிற மாதிரியான செய்திகள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு.

ஆடுகளைக் கோயில் வைத்துக்கொள்ளாது. மன்றாடி எனப்படும் இடையர் ஒருவர் பொறுப்பேற்பார். அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு என்றால் கால் நாழி. மீதிப் பாலும் குட்டிகளும் அவருக்கு. கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அந்த மந்தைக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர் வைத்தார்கள். சாகாத, கிழமாகாத ஆடு! வங்கி வைப்புநிதியில் முதல் அப்படியே இருக்க, வட்டி மட்டும் வருவது போலத்தான் இதுவும்.

மன்றாடி செத்துப்போனால்? அல்லது ஓடிப்போனால்? அதையும் யோசித்திருக்கிறார்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்ற இடையருக்கு உறவினர்கள் புணை நிற்கிறார்கள். ஒருவர் தவறினால் அடுத்தவர் நெய் அளக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஏற்பாடு ஆட்டின் நன்மைக்காகச் செய்ததல்ல. பலன் பெறுபவர் இறைவன். ஆடு வெறும் மூலதனம்.

கடவுள் நபர், நாய் பொருள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1882-ல் இந்திய டிரஸ்ட் சட்டம் வந்தது. ஒரு தனியார் அறக்கட்டளைக்குப் பயனாளி வேண்டும், அந்தப் பயனாளி சொத்து வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள நபராக இருக்க வேண்டும் என்கிறது அது. நாயால் சொத்து வைத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் நாயே ஒரு சொத்து.

கோயில் சிலையோ சட்டப்படி ஒரு நபர். சொத்து வைத்திருக்கலாம், வழக்கும் போடலாம். 1925-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா குடும்பச் சாமி வழக்கில் இதை உறுதியாகவே சொன்னது. ஆக, 90 ஆடுகளை வாங்கிக்கொள்ளச் சாமிக்கு உரிமை உண்டு. 90 ரூபாயை வாங்கிக்கொள்ள ஆட்டுக்கு உரிமை இல்லை!

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் 1842-லேயே ஒருவர் தன் கறுப்புக் குதிரைக்காக ஆண்டுக்கு 50 பவுண்டு எழுதி வைத்தார். நீதிமன்றம் அதை ஏற்றது. 1889-ல் இன்னொரு வழக்கு. குதிரைகளுக்கும் வேட்டை நாய்களுக்கும் 50 ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 750 பவுண்டு. அதுவும் செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் பணத்தைப் பொறுப்பாளர் செலவழிக்காமல் விட்டால் குதிரை கோர்ட்டுக்கு வர முடியுமா? முடியாது. அது அவருடைய மனசாட்சியைப் பொறுத்தது.

இந்த ஓட்டையை அமெரிக்கா சட்டம் போட்டு அடைத்தது. விலங்கின் சார்பில் கேள்வி கேட்க ஒரு ஆளை நியமிக்கலாம். 2016-ல் மின்னசோட்டா கடைசியாகச் சேர்ந்தபோது எல்லா மாநிலங்களிலும் செல்லப்பிராணி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே மிகப் பிரபலமானது 'டிரபிள்' என்ற நாயின் கதை. 2007-ல் இறந்த ஹோட்டல் அதிபர் லியோனா ஹெல்ம்ஸ்லி அதற்கு 1.2 கோடி டாலர் எழுதி வைத்தார். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கோ ஒன்றுமில்லை! 2008-ல் நீதிபதி அதை 20 லட்சம் டாலராகக் குறைத்தார்.

நம் நாட்டில்

இரக்கத்துக்கு இங்கே பஞ்சமில்லை. 1832-ல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேயர் உத்தரவிட்டபோது பார்சிகள் தெருவில் இறங்கிக் கலகமே செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில், 1834-ல், ஜம்ஷெட்ஜி ஜீஜிபாயும் மற்றவர்களும் அங்கே பிஞ்சராப்போல் என்ற விலங்குக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். சென்னையில் 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் புளூ கிராஸைத் தொடங்கினார். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வளர்ப்புப் பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது அதன்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பிரியாணி விலை கூட இல்லை.

நீதிமன்றங்களும் பேசின. 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் விலங்கின் கண்ணியம் பற்றி உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் விலங்குகளைச் சட்ட நபர்கள் என்றே அறிவித்தது. ஆனால் 2023-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது.

2024 அக்டோபரில் ரத்தன் டாடா மறைந்தபின், அவர் உயிலில் 'டிட்டோ' என்ற நாயின் பராமரிப்புக்கும் வழி செய்திருந்ததாகச் செய்திகள் வந்தன. நேராக நாய்க்கு எழுத முடியாது என்பதால் இங்கே உள்ள வழிகள் இரண்டுதான். நம்பிக்கையான ஒரு மனிதருக்கு, பிராணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பணத்தை எழுதி வைக்கலாம். அல்லது விலங்குகளுக்கான ஒரு பொது அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம். முதல் வழியில் ஒரு ஆபத்து உண்டு. அந்த மனிதர் பணத்தை வைத்துக்கொண்டு நாயை விரட்டிவிட்டால், அதைக் கேட்க இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவரைத்தான் சோழர் காலத்தவர் "புணை" என்றார்கள். ஒரு விளக்கு அணையாமல் இருக்க, ஒரு இடையருக்குப் பின்னால் அவர் சொந்தக்காரர்களையும் நிறுத்தி, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். கும்மிடிப்பூண்டியின் அந்தப் பூட்டிய கேட் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய்க்கும் தேவை அதுதான். பணம் கொஞ்சம் போதும். பெயர் சொல்லி ஒரு ஆள், அவர் தவறினால் கேட்க இன்னொரு ஆள்.

வீட்டில் நாயோ பூனையோ இருப்பவர்கள், தங்களுக்குப் புணை யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாமே!