கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்குமுன் கம்பிகளைப் பாருங்கள்

எனது தொழில் கணக்கெழுதுவது. யாழ்ப்பாணத்தில் வணிகவியல் படித்து, அகதியாகக் கனடா வந்து, இங்கும் மற்றவர்களின் வரவு செலவைப் பார்த்தே சீவிக்கிறேன். வாகன வேலையில் நான் அறிந்த கொஞ்சமும், கணக்கெழுதப் போன ஒரு சிறிய கராஜில் வயதான மெக்கானிக் ஒருவருக்கு லைற் பிடித்துக் கற்றதுதான்.

என்னிலும் இளைய நண்பர் ஒருவர், பல வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசில் 1972 ஆம் ஆண்டுக் கொர்வெட் கார் ஒன்று வாங்கினார். சில மாதங்களில் இரண்டாவது கியர் விழ மறுத்தது. மூன்றாவது கியர் ஓடும்போதே கழன்றது. காட்டிய இடத்தில் கியர்பெட்டியைப் பிரித்துக் கட்ட மூவாயிரம் டொலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். "அண்ணை, இதை வித்துப்போடட்டோ?" என்று அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார். பிறகு பார்த்தால் பெட்டியில் பிழை இல்லை. வெளியே இருந்த கம்பிகளின் நீளம்தான் பிழைத்திருந்தது.

அமைப்பு

1953 இல் வெளிவந்த கொர்வெட்டுக்கு நான்கு கியர் பெட்டி 1957 இல்தான் கிடைத்தது. 1963 முதல் 1974 வரை பொருத்தப்பட்டது, இந்தியானா மாநிலத்து மன்சி நகரின் பெயரால் அழைக்கப்படும் பெட்டி. இதில் கியர்த் தடி நேரே பெட்டிக்குள் இறங்குவதில்லை. தடியின் கீழிருந்து மூன்று கம்பிகள் பெட்டிக்கு வெளியே உள்ள மூன்று நெம்புகோல்களுக்குப் போகின்றன. பக்கத்தில் முன்னால் உள்ளது மூன்றாம், நான்காம் கியருக்கு. அதன் பின்னால் உள்ளது முதலாம், இரண்டாம் கியருக்கு. வால் பகுதியில் உள்ளது ரிவேர்ஸுக்கு. கம்பி ஒன்றின் நீளம் சற்றுப் பிழைத்தாலும், கை முழுத்தூரம் தள்ளும், உள்ளே கியர் முக்கால்வாசிதான் பொருந்தும். அப்படிப் பொருந்தியது கழன்று விழும். அதே நிலையில் தொடர்ந்து ஓடினால் பற்களும் தேய்ந்து, அந்த மூவாயிரம் டொலர் வேலை உண்மையாகவே வந்து சேரும்.

முதலில் பிழையைப் பிரித்தறிதல்

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை மாற்றிப் பாருங்கள். நின்றபோது இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் கிளச்சைச் சந்தேகியுங்கள். நின்றபோதும் சிக்கினால் கம்பிகளைப் பாருங்கள். கம்பிகளைக் கழற்றிப் பெட்டியின் நெம்புகோல்களைக் கையால் அசைக்கும்போது ஒவ்வொரு நிலையிலும் தெளிவாகக் 'கிளிக்' என்று அமர்ந்தால், பெட்டியைப் பிரிக்க இன்னும் காரணம் வரவில்லை.

சரிசெய்யும் முறை

நண்பரின் காரில் முன்னைய சொந்தக்காரர் ஹேர்ஸ்ட் கியர்த் தடி பூட்டியிருந்தார். கீழே சொல்வது அதற்கு உரியது. தொழிற்சாலைத் தடி என்றால் அந்த ஆண்டுக் கையேடு சொல்லும் அளவுக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

1. சமதரையில், எஞ்சின் ஆறிய பின், காரை உயர்த்தி நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகவேண்டாம்.

2. மூன்று கம்பிகளையும் தடிப்பக்கத்தில் கழற்றுங்கள். துளைகளில் உள்ள நைலோன் புஷ்கள் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். தளர்ந்த புஷ்ஷோடு எந்த அளவும் நிலைக்காது.

3. பெட்டியின் மூன்று நெம்புகோல்களையும் நியூட்ரலில் வையுங்கள். பக்கத்து நெம்புகோல் இரண்டுக்கும் நடு நிலைதான் நியூட்ரல். எஞ்சின் அசையாமல், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டு கையால் சுழன்றால் சரி.

4. தடியையும் நியூட்ரலில் வைத்து, அதன் அடியிலுள்ள துளைகளூடாக 1/4 அங்குல (6.35 மில்லிமீற்றர்) ஊசியைச் செருகுங்கள். அதே அளவு ட்ரில் பிட்டின் மழுமழுப்பான பின்பகுதியும் போதும்.

5. ஒவ்வொரு கம்பியின் மரையுள்ள முனையையும் சுழற்றி நீளத்தை மாற்றுங்கள். முனை தள்ளாமல் இழுக்காமல் தானாகத் துளைக்குள் போகவேண்டும். அரைச் சுற்று மிஞ்சினாலும் அமத்திச் செருகவேண்டாம். கிளிப் போட்டு ஊசியை எடுங்கள்.

6. எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டு நியூட்ரலுக்கு வந்து ஊசியை மறுபடி செருகுங்கள். இலகுவாகப் போனால் கணக்குச் சரி.

7. கடைசியாகத் தடுப்புப் போல்ட்டுகள். இரண்டையும் வெளியே தளர்த்திவிட்டு, தடியை மூன்றாம் கியரில் அழுத்திப் பிடித்தபடி, அதற்குரிய போல்ட்டை முட்டும்வரை முறுக்குங்கள். தடியை விட்டு இன்னொரு சுற்று முறுக்கிப் பூட்டு நட்டை இறுக்குங்கள். நான்காம் கியருக்கும் அப்படியே. இவை இல்லாவிட்டால் கையின் முழுப் பலமும் பெட்டிக்குள் இருக்கும் கவைகளில் விழும்.

நண்பரின் காரில் அந்த ஊசி முதலில் போகவே இல்லை. ஒரு செற் புஷ்ஷும் இரண்டு மணி நேரக் கூலியும்தான் முடிந்த செலவு. காரை அவர் விற்கவில்லை.

கணக்கு எழுதுபவனாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெரிய விலைச்சீட்டு வந்தால் கையெழுத்து வைக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கம்பிகளைக் கழற்றிப் பார்த்தீர்களா? நியூட்ரலில் ஊசி போனதா? நமது ஆட்கள் பலர் ஆங்கிலம் தடுமாறும் என்ற கூச்சத்தில் கேட்காமலே காசைக் கட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் கேட்க அதிகம் ஆங்கிலம் தேவையில்லை.