பிராங்க் முதல் பரங்கிக்காய் வரை

பேங்க், டேங்க், ரேங்க், பிளாங்க், ஃபிளாங்க், ஃபிராங்க். ஆங்கிலேயர் வாயில் இந்த ஆறு சொற்களும் ஒரே ஓசையில் முடியும். நம் யாப்பில் இயைபு என்கிறோமே, அதுதான். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த இயைபு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பேங்க்கும் டேங்க்கும் ரேங்க்கும் ஒரு பக்கம் போய்விட்டன. பிளாங்க் செக்கில் வரும் பிளாங்க்கும் ஃபிராங்க்கும் நெடில் 'ஆ' ஏறி மறுபக்கம் நின்றுவிட்டன.

ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காகச் சொற்களுக்கு உறவு கற்பிக்கக் கூடாது. சொல்லாராய்ச்சியில் முதலில் பழக வேண்டிய கட்டுப்பாடு இது. இந்தக் கூட்டத்திலேயே டேங்க் முழு அயலான். மேற்கு இந்தியாவில் நீர்த்தொட்டிக்கு வழங்கிய 'டாங்கி' என்ற சொல்லும், போர்த்துக்கீசியரின் 'டாங்க்கெ' என்ற சொல்லும் கலந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது. கிழக்கிந்தியக் கும்பினியார் நம் ஏரி, குளம், தெப்பக்குளம் எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லால் குறித்தார்கள். சென்னை மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி அவர்கள் வரைபடத்தில் 'லாங் டேங்க்'. 1920களில் அதை வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோட்டில் ஏரி போய்ப் பெயர் மட்டும் மிச்சம். 1916இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இரும்புப் போர்வண்டி ஒன்றை ரகசியமாகச் செய்தபோது, மெசபடோமியாவுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி என்று வெளியே சொல்லி வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் இறங்கிய வண்டிக்கு டேங்க் என்ற பெயரே நிலைத்தது. இன்று ஆவடித் தொழிற்சாலையில் உருவாகும் பீரங்கி வண்டியும், மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டியும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ஆனால் ஃபிராங்க்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மற்ற சொற்களின் கதை அப்படியல்ல. அவற்றுக்குள் உண்மையாகவே ரத்த உறவு இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூத்த சொல் ஒரு குலத்தின் பெயர்.

ரைன் நதிக்கரையில் வாழ்ந்த ஜெர்மானியக் குடிகளில் ஒரு கூட்டத்தை 3ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியர்கள் ஃபிராங்கி என்று குறிப்பிடுகிறார்கள். பெயர் எப்படி வந்தது என்பதற்கு அறிஞர்கள் பெரிதும் சொல்லும் காரணம் ஆயுதம். பழைய ஆங்கிலத்தில் எறியீட்டிக்கு 'ஃபிராங்கா' என்று பெயர். ஈட்டிக்காரர்கள் ஃபிராங்குகள், 'சாக்ஸ்' என்ற குறுவாளை வைத்திருந்த பக்கத்துக் குடியினர் சாக்ஸன்கள். ரோமப் பேரரசு தளர்ந்ததும் ஃபிராங்குகள் 'கால்' (Gaul) என்ற நாட்டைப் பிடித்தார்கள். பிரான்ஸ் என்ற பெயர் அவர்களால் வந்தது. அவர்கள் ஆற்றைக் கடந்த துறை ஃபிராங்க்ஃபர்ட். அவர்களில் வந்த சார்லமேன் 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் பேரரசராக முடிசூடினார்.

பிடித்த நாட்டில் முழுச் சுதந்திரம் உள்ளவன் யார்? ஃபிராங்க். அதனால் 'ஃபிராங்கஸ்' என்ற இனப்பெயர் இடைக்கால லத்தீனில் 'அடிமைப்படாதவன்', 'வரி தீர்வைக்குக் கட்டுப்படாதவன்' என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆங்கிலத்தில் ஃபிராங்க் என்றால் முதலில் சுதந்திரமானவன்தான். யாருக்கும் அஞ்ச வேண்டாதவன் மனத்தில் பட்டதைச் சொல்வான் அல்லவா? அந்த வழியில் ஒளிவுமறைவில்லாத பேச்சு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. நாம் 'ஃபிராங்க்கா சொல்லுங்க' என்று கேட்கும்போது எதிரில் இருப்பவரை ஒரு கணம் வென்ற குலத்தாராக்கி உட்கார வைத்துத்தான் கேட்கிறோம்.

இந்தச் 'சுதந்திர'ப் பொருளிலிருந்து கிளைத்தவை பல. யாருக்கும் அடிமையாக இல்லாமல் சொந்த நிலம் வைத்திருந்தவன் ஃபிராங்க்லின். பெஞ்சமின் ஃபிராங்க்லினின் குடும்பப் பெயர் அதுதான். சிறப்புரிமைக்குப் பெயர் ஃபிரான்சைஸ். பிறகு அது வாக்குரிமையைக் குறித்தது. இப்போது ஐஸ்கிரீம் கடைக்கும் கிரிக்கெட் அணிக்கும் அந்தச் சொல் போய்விட்டது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் 1356இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அவரை மீட்கும் பணத்துக்காக 1360இல் அடித்த தங்க நாணயம் ஃபிராங்க். ஃபிராங்குகளின் அரசன் என்று அதில் பொறித்திருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். விடுதலை பெற்ற மன்னரின் நாணயம் என்பதால் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. அந்த மொழியில் குலமும் விடுதலையும் ஒரே சொல்.

தபாலில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் ஒரு காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தபால் கட்டணம் இருக்கவில்லை. உறையின் மேல் கையெழுத்துப் போட்டால் போதும், கடிதம் இலவசமாகப் போய்விடும். அப்படிப் போடும் கையெழுத்துக்கு 'ஃபிராங்க்' என்று பெயர். நண்பருக்கும் உறவினருக்கும் வெற்றுறையில் கையெழுத்திட்டுக் கொடுத்துச் சலுகையைத் தாராளமாகச் சீரழித்தார்கள். 1840இல் ஒரு பென்னி தபால் வந்தபோது அந்த உரிமை ஒழிந்தது. கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் தபால்துறையை நடத்திய பெஞ்சமின் ஃபிராங்க்லின் தன் உறைகளில் 'பி. ஃப்ரீ ஃபிராங்க்லின்' என்று கையெழுத்திட்டிருக்கிறார். இலவசம் என்று குறிக்க வேண்டிய சொல்லைத் தன் பெயருக்கு நடுவில் நுழைத்து, நாட்டு விடுதலைக்கும் குரல் கொடுத்துவிட்டார். இன்று நம் ஊரில் ஃபிராங்கிங் என்றால் கட்டணம் கட்டியதற்கான முத்திரை. கடன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, 'ஃபிராங்கிங் பண்ணியாச்சா?' என்று விசாரிக்கிறோம். இலவசத்துக்கு இருந்த பெயர் பணம் கட்டியதற்கு ஆகிவிட்டது.

இனி இயைபுக்கு வருவோம். ஃபிராங்குகள் நாட்டை வென்றார்கள், மொழியில் தோற்றார்கள். சில தலைமுறைகளில் தோற்றவர்களின் லத்தீனையே பேசத் தொடங்கினார்கள். ஆனால் போகிற போக்கில் தங்கள் சொற்கள் சிலவற்றை அதில் விட்டுச்சென்றார்கள். வெண்மையைக் குறித்த 'பிளாங்க்' லத்தீனின் 'ஆல்புஸ்' என்ற சொல்லையே தள்ளிவிட்டு இடம்பிடித்து, பிரெஞ்சில் 'பிளான்' ஆனது. வெள்ளை என்றால் எழுதாத தாள். எழுதாத தாள் என்றால் வெற்றிடம். பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்களே, அந்த பிளாங்க் இதுதான். வெள்ளைக் கம்பளித் துணியிலிருந்து பிளாங்கெட்டும் வந்தது. வளையத்தைக் குறித்த 'ஹ்ரிங்' என்ற சொல், வீரர் நிற்கும் வட்டமாகி, வரிசையாகி, வரிசையில் ஒருவருக்குரிய இடமாகி, ரேங்க் ஆனது. பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நீட்டும் ரேங்க் கார்டின் அடியில் ஒரு வட்டம் மறைந்திருக்கிறது. விலாப்பக்கத்தைக் குறித்த சொல் ஃபிளாங்க் ஆயிற்று. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இத்தகைய பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளமாக வந்து சேர்ந்தன.

பேங்க் சற்றுத் தள்ளிய பங்காளி. அதுவும் ஜெர்மானியச் சொல்லே. பொருள், மேடு அல்லது பெஞ்சு. இத்தாலியில் காசு மாற்றுவோர் உட்கார்ந்த பெஞ்சு 'பாங்கா'. பெஞ்சு உடைந்தால் திவால். ஆங்கிலத்தில் திவாலுக்கு இன்றும் உடைந்த பெஞ்சு என்றுதான் பெயர். ஆற்றங்கரையைக் குறிக்கும் பேங்க் வடக்கத்திய வைக்கிங்குகள் வழியாக வந்த அதே வேர்ச்சொல். பிரெஞ்சில் ஃபிரான், பிளான், ஃபிளான், ரான், பான் என்று இவை ஐந்தும் இன்றைக்கும் ஒரே ஓசையில் முடிகின்றன. ஆக, இங்கே இயைபு பொய் சொல்லவில்லை. ஒரே காட்டிலிருந்து புறப்பட்ட சொற்கள்தான் ஒரே குரலில் பேசுகின்றன. ஆனாலும் எச்சரிக்கை தேவை: அழுகி நாறுவதைக் குறிக்கும் இன்னொரு 'ரேங்க்' ஆங்கிலத்தில் உண்டு. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். வரிசையோடு அதற்கு உறவில்லை.

இதுவரை சொன்னது பெயர் மேற்கே நடந்த வழி. கிழக்கே அது நடந்த வழி நம் வாசல் வரை வருகிறது. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்களில் பல நாட்டார் இருந்தார்கள். அரபியர் அத்தனை பேரையும் 'இஃப்ரஞ்ச்' என்ற ஒரே பெயரில் அடக்கினார்கள். அந்தப் பெயர் பாரசீகத்தில் ஃபரங்கி, இந்துஸ்தானியில் ஃபிரங்கி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது, அங்கே வணிகம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களிடம் இவர்களுக்கான பெயர் தயாராக இருந்தது. ஃபிராங்குகளின் பேரரசு போர்த்துக்கல்லை ஒருநாளும் ஆண்டதில்லை. இருந்தும் போர்த்துக்கீசியர்தான் நமக்குப் பரங்கியர் ஆனார்கள். அசல் ஃபிராங்குகளின் பெயரைத் தாங்கி வந்தவர்களைப் புதுச்சேரியில் பிராஞ்சுக்காரர் என்றார்கள். ஒரே பெயர் இரண்டு வழியில் வந்து இரண்டு சாதியாரைக் குறித்தது. பாரதியார் காலத்தில் ஆங்கிலேயரும் பரங்கியராகிவிட்டார்கள்.

பரங்கி என்றும் பறங்கி என்றும் இரு விதமாகவும் எழுதுகிறார்கள். கடல்வழி வந்த இந்தச் சொல்லைத் திருப்பரங்குன்றத்தோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது பிழை. பரங்குன்று சங்க இலக்கியத்திலேயே இருக்கும் பெயர். பறங்கிமலையும் பரங்கிப்பேட்டையும்தான் போர்த்துக்கீசியர் குடியேறிய இடங்கள். அவர்கள் மலை உச்சியில் 1523இல் தேவாலயம் கட்டினார்கள். பரங்கிப்பேட்டையைத் தங்கள் மொழியில் புதுத்துறை என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றார்கள்.

பிரான்சில் ஃபிராங்க் என்றால் குடிப்பிறப்பில் குறையில்லாதவன். மதுரையில் அதே சொல் என்ன ஆயிற்று என்பதற்கு 1606இல் அங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி சாட்சி. மாட்டிறைச்சி தின்று, மதுவருந்தி, ஆசாரம் இல்லாமல் திரியும் தாழ்ந்த கூட்டம் என்பதே அவ்வூரில் பறங்கிக்குப் பொருள். அது தெரியாமல், ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவருக்கு முன் இருந்த பாதிரியார். நொபிலி அந்தக் கேள்வியை நிறுத்தினார். காவி உடுத்து, சைவ உணவுக்கு மாறி, தனி வீடு எடுத்துக்கொண்டார். தான் பறங்கியல்ல, பறங்கி நாட்டில் பிறந்தவனுமல்ல, ரோமாபுரியின் உயர்குடியில் வந்தவன் என்று ஊரறிய அறிக்கையும் வைத்தார். ஒரு சொல்லின் பொருள் ஒரு மனிதரின் உடையையும் உணவையும் இருப்பிடத்தையும் மாற்றிவிட்டது. சொல்லாராய்ச்சியை வெறும் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த நிகழ்ச்சியைத்தான்.

மனிதரைத் தொடர்ந்து பண்டங்களும் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டன. அமெரிக்கக் கண்டத்துக் காய் பரங்கிக்காய் ஆனது. கொங்கு நாட்டில் அது அரசாணிக்காய். மற்ற இடங்களில் மஞ்சள் பூசணி. தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிதான். தாய்லாந்தில் மேலைநாட்டாரும் கொய்யாப்பழமும் 'ஃபராங்' என்ற ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கப்பலோடு வந்த மேகநோய் பரங்கிப்புண் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டின் 'பாவப்பிரகாசம்' என்ற வடமொழி வைத்திய நூலும் அதை ஃபிரங்க ரோகம் என்கிறது. அதற்கு மருந்தாக வந்த சீனத்து வேருக்குப் பரங்கிப்பட்டை என்று பெயர். நோய்க்கும் பரங்கி, மருந்துக்கும் பரங்கி.

ஓரிடத்தில் இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன. குழந்தை ஏசுவுக்குக் கீழ்த்திசை ஞானிகள் கொண்டுவந்த தூபப்பொருளுக்கு ஆங்கிலத்தில் ஃபிராங்கின்சென்ஸ் என்று பெயர். அதில் இருக்கும் ஃபிராங்க், 'உயர்ந்த, கலப்பற்ற' என்ற பழைய பிரெஞ்சுப் பொருளில் வந்தது. தமிழ் விவிலியத்தில் அது தூபவர்க்கம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் அதே இனத்துப் பிசினைப் பரங்கிச் சாம்பிராணி என்று எடுத்துத் தருவார்கள். ஆங்கிலேயர் ஃபிராங்க் என்று சொன்னது அதன் தரத்தைப் பார்த்து. நாம் பரங்கி என்று சொன்னது அந்நியச் சரக்கு என்பதால். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே இருவரும் ரைன் கரையின் அதே ஈட்டிக்காரர்களின் பெயரை ஒரு மரத்துப் பிசினுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இலங்கையின் மட்டக்களப்பில் அந்தப் பெயர் இன்னும் மனிதர்கள்மேல்தான் இருக்கிறது. போர்த்துக்கீசிய வழிவந்த குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தச்சு, கொல்லு, தையல் வேலைகளில் ஈடுபட்டவர்கள். தமிழ் கலந்து வளர்ந்த ஒரு போர்த்துக்கீசியப் பேச்சை வீட்டில் பேணி வந்தவர்கள். ஆங்கிலத்தில் அவர்களை பர்கர் என்கிறார்கள். அது நகரவாசி என்று பொருள்படும் டச்சுச் சொல். பக்கத்து வீட்டுத் தமிழர் அவர்களைப் பறங்கியர் என்கிறார்கள். மதுரையில் நொபிலி உதறிய பெயர் அங்கே ஒரு சமூகத்தின் பெயராக வழங்குகிறது.