இரண்டாவது துப்பாக்கி: அம்பாரியிலிருந்து அலாஸ்கா வரை ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கும் கைத்துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் துப்பாக்கி அனுபவம் மொத்தமே இரண்டு. ஒன்று, பொருட்காட்சியில் ஏர்கன்னால் பலூன் சுட்டது. இன்னொன்று, என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டது. ஐந்தில் ஒன்று அட்டையின் ஓரத்தில் பட்டது. மற்ற நான்கும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது :-)

ஆனால் அன்று முகாமில் ஒரு கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. தரையில் படுத்து, நிதானமாக மூச்சைப் பிடித்து, அசையாத அட்டையைச் சுடுகிற எனக்கே கை இப்படி நடுங்குகிறதே, எதிரே ஒரு புலியோ கரடியோ ஓடி வந்தால் என்ன ஆகும்? கையில் ரைஃபிள் இருந்தும் அது உதவாமல் போனால்? இதே கேள்விக்காகத்தான் வேட்டைக்காரர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இடுப்பில் இன்னொரு துப்பாக்கியைச் சுமந்திருக்கிறார்கள். எதைச் சுமப்பது என்று தலையை உடைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதை தொடங்குவது யானை மேல்

ஆச்சரியம் என்னவென்றால், 'காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி' என்பதற்கென்றே ஒரு தனி ரகம் பேர் பெற்றது நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் மகாராஜாக்களும் யானை மேல் அம்பாரி கட்டி உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போவார்கள். அடிபட்ட புலி சில சமயம் நேராக யானையின் மத்தகத்தின் மேலேயே பாய்ந்து ஏறும். நீளமான ரைஃபிளைத் திருப்ப இடமிருக்காது, மறுபடி தோட்டா போட நேரமும் இருக்காது. அந்த நொடிக்காகச் செய்யப்பட்டதுதான் 'ஹவுடா பிஸ்டல்'. ஹவுடா என்றால் அம்பாரி. ஆக, நம் தமிழில் அம்பாரித் துப்பாக்கி என்றே சொல்லலாம்.

முதலில் பெரிய ரைஃபிள்களின் குழலை வெட்டிக் குட்டையாக்கிப் பயன்படுத்தினார்கள். பிறகு இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் இதற்கென்றே இரட்டைக் குழல், நான்கு குழல் பிஸ்டல்களைச் செய்ய ஆரம்பித்தன. 1880களில் சார்லஸ் லங்காஸ்டர் கம்பெனி விற்ற நான்கு குழல் பிஸ்டல் இதில் பிரபலம். ஒரே விசைதான். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உள்ளே இருக்கும் அடிமுள் சுழன்று அடுத்த குழலைச் சுடும்.

அப்போதே ரிவால்வர் வந்துவிட்டதே, ஏன் இந்தக் கனமான சாமான் என்று தோன்றும். அன்றைய ரிவால்வர் தோட்டாக்கள் புலியை நிறுத்துகிற அளவுக்கு வலுவாக இல்லை. ஆறு பலவீனமான அடியைவிட இரண்டு பலத்த அடி மேல் என்று கணக்குப் போட்டார்கள். பிற்பாடு வெப்ளி போன்ற பலமான ரிவால்வர்கள் வந்ததும் அம்பாரித் துப்பாக்கி மெல்ல மறைந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது? 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்க முடியாது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. புலியைக் கிளப்பிவிடக் காட்டுக்குள் தப்பு அடித்துக்கொண்டு நடந்தே போன கிராமத்து ஆட்களின் இடுப்பில் எந்தக் காப்புத் துப்பாக்கியும் இல்லை. காப்பு எல்லோருக்கும் கிடைக்கிற பொருளாக அன்றும் இருக்கவில்லை.

மூன்று ஆசைகள், ஒரு துப்பாக்கி

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் பாட மொழியில் விஷயத்தைச் சொல்கிறேன். காப்புத் துப்பாக்கி என்பது ஒரு இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி. வாங்குகிறவனுக்கு மூன்று ஆசை. ஒன்று, மிருகத்தை நிறுத்துகிற பலம் வேண்டும். இரண்டு, நாள் முழுக்க இடுப்பில் கிடந்தாலும் உறுத்தாத எடை வேண்டும். மூன்று, வாரா வாரம் சுட்டுப் பழகக் கட்டுப்படியாக வேண்டும்.

தொல்லை என்னவென்றால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும். பலம் கூடினால் உதை கூடும். உதையைத் தாங்க எடை கூட்டினால், சுமக்க அலுத்துப்போய்க் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போவான். தோட்டா விலை ஏறினால் பழகுவதை நிறுத்திவிடுவான். கடந்த நூறு வருடக் கைத்துப்பாக்கி வரலாறே இந்த முக்கோணச் சண்டைதான் என்பது என் கருத்து.

1935: பஞ்ச காலத்தில் ஒரு ஆடம்பரம்

இனிக் கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1930களில் அங்கே பெரும் பொருளாதார மந்தம். வேலையில்லாதவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம். அந்தச் சமயத்தில், 1935-ல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .357 மேக்னம் என்ற புது ரிவால்வரை 60 டாலர் விலையில் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய தொகை. குழல் எவ்வளவு நீளம், குறிபார்க்கும் முள் எப்படி என்று வாங்குபவரே சொல்லிச் செய்துகொள்ளலாம். கூடவே பதிவுச் சான்றிதழும் உண்டு. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் வந்த ஆர்டர்களை முடிக்க முடியாமல் கம்பெனி திணறியது!

இதை விற்க டக்ளஸ் வெஸ்ஸன் செய்த விளம்பரம் சுவாரஸ்யமானது. கம்பெனிக் குடும்பத்துக்காரரான அவரே இந்த ரிவால்வரோடு வேட்டைக்குப் போய் எல்க் மான், மூஸ், கிரிஸ்லி கரடி வரை சுட்டுக்காட்டினார். கைத்துப்பாக்கியை வேட்டை ஆயுதமாகவே கருதலாம் என்ற எண்ணம் பரவலாகப் பேசப்பட்டது அதற்குப் பிறகுதான்.

இதில் என்னைக் கவர்ந்தது வேறொரு விஷயம். புதுத் தோட்டாவின் கூடு, பழைய .38 ஸ்பெஷல் கூட்டைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம்தான் நீளம். காரணம் பாதுகாப்பு. பலமான புதுத் தோட்டா பழைய பலவீனமான ரிவால்வரில் நுழையக் கூடாது. ஆனால் இதன் மறுபக்கம் பாருங்கள்: விலை மலிவான, உதை குறைந்த .38 தோட்டா புது ரிவால்வரில் தாராளமாக நுழையும்! ஞாயிற்றுக்கிழமை தகர டப்பா சுட்டு விளையாட .38, காட்டுக்குப் போகும்போது .357. ஒரே துப்பாக்கி, இரண்டு வேலை. முக்கோணச் சண்டைக்குக் கிடைத்த முதல் நல்ல சமரசம் இது.

கௌபாய் எல்மர் கீத்

அடுத்த கட்டத்துக்கு நாயகன் எல்மர் கீத் (1899–1984). ஐடஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர். பெரிய தொப்பி, வாயில் சுருட்டு, பத்திரிகைகளில் துப்பாக்கிக் கட்டுரைகள் என்று வாழ்ந்த மனிதர். சிறுவயதில் தீ விபத்தில் கை மோசமாகக் கருகியது. அந்தக் கையோடுதான் அமெரிக்காவின் பேர்போன ரிவால்வர் சுடுபவர்களில் ஒருவரானார்.

1925 ஜூலை 4 சுதந்திர தினத்தன்று கொண்டாட்டத்துக்காக அவர் சுட்ட .45 கோல்ட் ரிவால்வர் கையிலேயே வெடித்துச் சிதறியது. வெடிமருந்தை அளவுக்கு மீறித் திணிப்பது அவர் வழக்கம். வேறு யாராயிருந்தாலும் இந்த ஆசையையே விட்டிருப்பார்கள். கீத் என்ன செய்தார் தெரியுமா? .44 தோட்டாவுக்கு மாறினார். குண்டு கொஞ்சம் சிறியது என்பதால் உருளை அறைகளின் சுவர் கொஞ்சம் தடிமனாக இருக்கும், இன்னும் அதிக மருந்து திணிக்கலாம் என்பது அவர் கணக்கு!

அதற்குப் பிறகு சுமார் முப்பது வருடம், "இதைவிடப் பலமான .44 செய்யுங்கள்" என்று கம்பெனிகளை விடாமல் நச்சரித்தார். கடைசியில் ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரையும் செய்தன. .44 மேக்னம் பிறந்தது. 1956 ஜனவரியில் 140 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ரூகர் கம்பெனியும் அதே வருடம் போட்டிக்குத் தன் பிளாக்ஹாக்கை இறக்கியது. இதிலும் அதே எட்டில் ஒரு அங்குல உத்தி. மலிவான, மென்மையான .44 ஸ்பெஷல் தோட்டாவையும் இதில் சுடலாம்.

வேறொருவர் சுட்டுக் காயம்பட்டு ஓடிய மானை 600 கெஜ தூரத்திலிருந்து இந்த ரிவால்வரால் வீழ்த்தியதாக கீத் எழுதினார். நம்பியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கச் சுட்டுச் சுட்டுப் பழகியவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

1971-ல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் க்ளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இதே ரிவால்வர் மின்னியது. அவ்வளவுதான், கடைகளில் சரக்கு தீர்ந்து, அச்சிட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் கரடியை மிருகக்காட்சி சாலையில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நுகர்வோர் நடத்தை பற்றி வகுப்பில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

37.50 டாலர் பாடம்

பலத்தின் கதை இப்படி என்றால், பழக்கத்தின் கதை வேறு. வில்லியம் ரூகர், அலெக்ஸாண்டர் ஸ்டர்ம் என்ற இருவர், ஸ்டர்ம் போட்ட 50,000 டாலர் முதலில் கம்பெனி தொடங்கி, 1949-ல் ஒரு .22 பிஸ்டலைக் கொண்டுவந்தார்கள். விலை 37.50 டாலர். கைப்பிடிச் சட்டத்தை இரும்புக் கட்டியில் குடைந்தெடுக்காமல், அழுத்தி வார்த்த இரண்டு தகட்டு அரைகளைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். செலவு குறைந்த ரகசியம் அதுதான். 1951-ல் ஸ்டர்ம் இளவயதிலேயே இறந்துபோனார். பிஸ்டலில் இருந்த சிவப்புக் கழுகு முத்திரையை ரூகர் கறுப்பாக மாற்றினார். அதற்குப் பிறகு அது பல பத்தாண்டுகள் கறுப்பாகவே இருந்தது. கம்பெனிச் சரித்திரங்களில் இப்படி ஒரு துக்கம் அனுசரித்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தச் சாதாரண .22 கரடியை நிறுத்தாது. ஆனால் துப்பாக்கி வாங்குவது நிலையான செலவு, தோட்டா வாங்குவது மாறும் செலவு. மாறும் செலவு குறைந்தால்தான் ஒருவன் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகுவான். பொழுதுபோக்குச் சுடுதலுக்கு .22 இன்றும் ராஜாவாக இருப்பதன் காரணம் இதுதான்.

பலம் மட்டும் போதுமா?

அதற்குப் பிறகும் பந்தயம் நிற்கவில்லை. 1983-ல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனியின் .454 கசூல், 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .500 மேக்னம் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியாகச் சொன்னது நீளக் குழலோடு ஏறக்குறைய 2 கிலோ. இடுப்பில் கட்டினால் பேன்ட் இறங்கிவிடும்!

இன்னொரு பக்கம், வட கிழக்கு கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் படை வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. துருவக் கரடி உலவும் பூமி அது. தோளில் முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பான எம்1917 ரைஃபிள். காப்புக்கு 10 மி.மீ. க்ளாக் 20 பிஸ்டல். உலகத்திலேயே பலமான கைத்துப்பாக்கி அல்ல அது. ஆனால் தோட்டா அதிகம் கொள்ளும், உதை அடக்கம். ஒரு நிறுவனம் நிதானமாக யோசித்தால் இப்படித்தான் தேர்ந்தெடுக்கும் என்று தோன்றுகிறது.

சரி, இத்தனை செலவும் சுமையும் உண்மையில் உயிரைக் காப்பாற்றியதா? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதற்கான பதில்தான். டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடிச் சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கிகள் 76 சதவீதம் சம்பவங்களில் கரடியைத் தடுத்தன. கைத்துப்பாக்கி தோற்கவில்லை, பார்த்தீர்களா? ஆனால் அடுத்த முடிவுதான் அடி. ஆக்ரோஷமான கரடியை எதிர்கொண்டபோது துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும், காயம் படுவதில் வித்தியாசம் தெரியவில்லை! எடுக்க நேரமில்லை, குறி தவறியது, துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று தோல்விக்குக் காரணங்கள் நீளுகின்றன.

இதே குழுவினர் 2008-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கரடி ஸ்பிரே பழுப்புக் கரடிகளை 92 சதவீதம் தடுத்ததாகச் சொன்னார்கள். ஸ்பிரேயில் இருப்பது வேறொன்றுமில்லை, மிளகாயின் காரம்! இரண்டு ஆய்வுகளிலும் சம்பவங்கள் ஒரே மாதிரியானவை அல்ல, நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று விமர்சனமும் உண்டு. அதுவும் நியாயமே. ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்ற பொழுதுபோக்கே முடிவுக்கு வந்தது. நல்லதே. அம்பாரித் துப்பாக்கிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக் கடைகளிலும் தூங்குகின்றன. புலி இன்னும் காட்டில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்த பாடம் இது. எவ்வளவு பெரிய துப்பாக்கி என்ற கேள்வியில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு நொடியில் கை அதை நடுங்காமல் எடுக்குமா என்பதே உண்மையான கேள்வி. பிரீமியம் கட்டாத பாலிசி எவ்வளவு பெரிய தொகைக்கு இருந்தாலும் செல்லாது. இங்கே பிரீமியம் என்பது பழக்கம். கீத் அதை வாழ்நாள் முழுக்கக் கட்டினார். படம் பார்த்துவிட்டு .44 வாங்கியவர்களில் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்?

முகாமில் எங்கள் ஹவில்தார் என் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இப்போதுதான் புரிகிறது: "துப்பாக்கியைக் குறை சொல்லாதே தம்பி, இன்னும் நூறு தோட்டா சுட்டுட்டு வந்து பேசு."