அளவு தெரியாத மருந்து

சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் இன்றும் நம்பியிருக்கும் லெவோடோபா அதுவேதான். உடனே 'நாம்தான் முதலில்' என்று மார்தட்டத் தோன்றும். ஆனால் பாசல் நகரில் ரோஷ் நிறுவன வேதியியலர் மார்கஸ் குகன்ஹைம் 1913-லேயே ஃபாவா பீன்ஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார். இரண்டரை கிராமைத் தானே விழுங்கி வாந்தியும் எடுத்தார். பொருள் கையிலிருந்தும் அரை நூற்றாண்டுக் காலம் அது மருந்தாகவில்லை. பெருமையில் பெரும்பங்கு அளவைக் கண்டவர்களுக்கே சேர வேண்டும் என்பது என் கட்சி.

நோயின் காரணமே தெரியாதபோது அளவைப் பற்றி யார் யோசிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிக்கிடந்ததை 1960-இல்தான் அளந்து சொன்னார்கள். மறு ஆண்டே பிர்க்மேயர் 50 முதல் 150 மில்லிகிராம் டோபாவை ஊசியில் ஏற்ற, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரம்தான். வேறிடங்களில் முயன்ற பலருக்கு அதுகூட வாய்க்காமல் சந்தேகமே மிஞ்சியது. காரணம் தெரிந்த பிறகும் இழுபறி ஏன்? வாய்வழி போகும் டோபாவில் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே உடலில் டோபமைனாக மாறிவிடுகிறது. குமட்டல் வருவது அதனால்தான். குறைத்துக் கொடுத்தால் பலனில்லை, கூட்டினால் வாந்தி. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் இந்த முடிச்சைப் பொறுமையால் அவிழ்த்தார்: சிறிதாகத் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றி, நாளுக்கு 3 முதல் 16 கிராம் வரை போனார். 1967-இல் வெளிவந்த அவரது முடிவுகள்தான் மருத்துவர்களை நம்பவைத்தன. (அவர் மூளையின் கருநிறமியை மீட்க நினைத்து இறங்கியவர் என்பது வேடிக்கை.) பிறகு கார்பிடோபா வந்தது. மூளைக்குள் நுழையாமல், வெளியே நடக்கும் மாற்றத்தை மட்டும் அது தடுப்பதால், தேவைப்படும் டோபா நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது.

பூனைக்காலி நம் வைத்தியத்தில் முன்பே உண்டே என்ற வாதம் மீதமிருக்கிறது. உண்டு; ஆனால் சித்த மருத்துவத்தில் அது பேர்பெற்றது ஆண்மைக்கும் உடல் வலுவுக்கும். விதையின் வீரியத்தை நான் மறுக்கவில்லை. 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 30 கிராம் விதைப்பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. அந்தப் பொடியில் சுமார் 1 கிராம் டோபா இருந்ததை முன்கூட்டியே அளந்திருந்தார்கள். கடையில் வாங்கும் பொடியிலோ, விதைக்கு விதை டோபாவின் அளவு மாறும்.