தாழியும் உழைப்பும்: ஈமக்கலங்கள் பற்றிய ஒரு சமூகவரலாற்றுக் குறிப்பு

ஈமக்கலங்கள் பண்டைய சமயநம்பிக்கைகளின் சான்றுகளாகவே பெரிதும் நோக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றை வனைந்தோர் யாவர், அவற்றில் இடப்பட்டோர் யாவர் என வினவும்போது, அவை சமூக உறவுகளின் சான்றுகளாகவும் அமைவதைக் காண்கிறோம்.

பண்டைய எகிப்தில் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியன உடலினின்றும் எடுக்கப்பட்டு, நான்கு கலங்களில் வைக்கப்பட்டன. இது மன்னர்க்கும் வசதிபடைத்தோர்க்குமே இயன்றது. எளியோர் மணற்குழிகளிற் புதைக்கப்பட்டனர். மூன்றாம் ராம்செசின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர் தமக்குரிய தானியம் வழங்கப்படாமையால் வேலையை நிறுத்தினர். வரலாற்றிற் பதிவுபெற்ற மிகப் பழைய வேலைநிறுத்தம் கல்லறைத் தொழிலாளருடையது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளுட் சிலவற்றிலேயே பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. புறநானூற்று 228ஆம் பாடலில், கிள்ளிவளவனுக்குத் தாழி வனையவேண்டிய குயவனை ஐயூர் முடவனார் விளிக்கிறார். மன்னன் பெருமையை அளப்பதற்குப் புலவர் உழைப்பாளியின் திறனையே அளவுகோலாக்குகிறார்.

இலங்கையின் வடமேற்கே, பொம்பரிப்பில் 1956-57இலும் 1970இலும் நிகழ்ந்த அகழ்வுகள் இதே தாழியடக்க மரபை வெளிப்படுத்தின. அவ்வடமேற்குக் கரையிலேதான் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கான தென்னிந்தியத் தொழிலாளர் வந்திறங்கினர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தோருட் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இறந்தோர்க்குக் கிடைத்த மட்கலம் இவர்க்குக் கிடைக்கவில்லை.

பசறைக்கும் பிபிலைக்கும் இடையிலுள்ள லுணுகலை முதலாக, ஊவா மலைச்சரிவுகளைத் தோட்டங்களாக்கியது இவ்வாறு புலம்பெயர்ந்த வர்க்கமே. பெயர்பொறித்த கல்லுமின்றித் தேயிலையின்கீழ்ப் புதையுண்ட இம்மக்களை, சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் தமது ஆங்கிலக் கவிதையிற் பாடினார்.

பெயரற்ற புதைகுழி வெறும் துயரச்சின்னமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவுமாறு வேண்டியது. மூதாதையர் மண்ணில் இருந்தனர், ஆவணத்தில் இருக்கவில்லை. இறந்தோரின் பெயரின்மை, இருந்தோரின் நாடின்மைக்கு வழிகோலிற்று.

எனவே, தாழிகளை எண்ணுவதோடு வரலாற்றாசிரியனின் கடமை முடிவதில்லை. தாழியின்றி மறைந்தோரைத் தோட்டப் பேரேடுகளிலும், மலையக ஒப்பாரிகளிலும், முதியோர் நினைவுகளிலும் தேடுதல் வேண்டும். உழைப்போரின் வரலாறு அங்கிருந்தே எழுதப்படும்.