பழைய வண்டியும் அப்பாவின் நோட்டுப் புத்தகமும்

சென்ற வருஷம் ஒரு நாள் எங்கள் மெக்கானிக் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏ.ஸி. கம்ப்ரஸர், அடித்தகட்டின் துரு எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது.

"சார், சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. இந்த வண்டியை வித்தாலே அவ்வளவுதான் வரும். பதினஞ்சு வருஷமும் முடியப் போவுது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நானும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்தது அல்ல என்பது தெரிந்தது. என் தகப்பனாருக்கு 1984-ல் இதே கேள்வி வந்தது. அவருக்கு முன்னால் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பஸ்தர்களுக்கு வந்தது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற இந்தச் சின்னக் கேள்விக்கு நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் பிறகு என் வீட்டுச் சமாசாரத்துக்கு வருகிறேன்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தக் கேள்வி கிடையாது. அச்சு முறிந்தால் தச்சனிடம் போய் வேறு அச்சுப் போடுவார்கள். பட்டா தேய்ந்தால் கொல்லன் புதுப் பட்டா கட்டுவான். 'போன வருஷத்து மாடல் வண்டி, இதில் போனால் சம்பந்தி வீட்டில் மதிக்க மாட்டார்கள்' என்று யாரும் கவலைப்பட்டதில்லை. பாட்டன் வண்டியில் பேரன் போனான்.

மோட்டார் வந்த புதிதிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஹென்றி ஃபோர்டு 1908-ல் தம்முடைய 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தபோது, மாட்டு வண்டித் தத்துவத்தைத்தான் இரும்பில் வார்த்திருந்தார். குடியானவனுக்கு ஒரு வண்டி. அவன் கையாலேயே கழற்றிப் பூட்டக்கூடிய வண்டி. வருஷா வருஷம் மாறாத வண்டி. 1927 வரையில் பத்தொன்பது வருஷம் அதே காரைச் செய்தார். ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றார். ஆரம்பத்தில் 850 டாலராக இருந்த விலை, பிற்காலத்தில் 300 டாலருக்கும் கீழே வந்தது. பழைய வண்டியின் உதிரிப் பாகம் புது வண்டிக்குப் பொருந்தும்; புது வண்டியின் பாகம் பழையதற்குப் பொருந்தும். இப்படிப்பட்ட வண்டி கெட்டால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்க வேண்டியதே இல்லை. பழுது பார்க்க வேண்டியதுதான்.

இந்த நிம்மதியைக் கலைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். 1923-ல் அவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரானார். அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அமெரிக்காவில் முதல் முறையாகக் கார் வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். இனிமேல் வாங்குகிறவனிடம் ஏற்கெனவே ஒரு கார் இருக்கும்; அது ஓடிக்கொண்டும் இருக்கும். ஓடுகிற காரை வைத்திருப்பவனை இன்னொரு கார் வாங்க வைப்பது எப்படி? அவனுடைய பழைய காரை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மிச்சத் தொகையைத் தவணையில் கட்டச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷா வருஷம் காரின் முகத்தைக் கொஞ்சம் மாற்றலாம். 1927-ல் அந்தக் கம்பெனி கார்களின் வடிவத்தையும் வர்ணத்தையும் கவனிப்பதற்கென்றே ஹார்லி ஏர்ல் என்பவரின் கீழ் தனி இலாகாவை அமைத்தது. அதே 1927-ல் மாடல் டி-யின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஃபோர்டும் புது மாடலுக்காக மாதக் கணக்கில் தொழிற்சாலையை மூட வேண்டியதாயிற்று. அது முதல், கார் கெட்டுப் போவதற்கு முன்பே பழசாகிப் போகும் வித்தை உலகத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த வித்தை நம் நாட்டுக்கும் வந்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. ஃபோர்டு கம்பெனியும் இங்கே இருந்தது. ஆனால் சுதந்திரம் வந்த பிறகு, 1953-ல் சுங்கவரிக் கமிஷனின் சிபாரிசுப்படி சர்க்கார் ஒரு முடிவு செய்தது. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே திருகாணி முடுக்குகிறவர்கள் வேண்டாம். இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம் என்பதே அது. அந்நியக் கம்பெனிகள் கடையைக் கட்டின. கார் வாங்குகிறவனுக்கு முக்கியமாக மூன்று பேர் மிஞ்சினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மதராஸுக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு.

இவர்கள் மூவரும் அவரவர் கொண்டுவந்த மாடலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1957-ல் வந்த அம்பாஸிடர், முகப்பில் சில்லறை மாறுதல்களோடு 2014 மே மாதம் வரையில் வெளிவந்தது. இத்தாலிய ஃபியட் 1100 பிற்பாடு 'பத்மினி' என்று பெயர் மாற்றிக்கொண்டு பம்பாய் டாக்ஸிக்காரர்களைக் காப்பாற்றியது. நம்முடைய ஊரின் பெருமையான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ல் வந்தது. அதன் பானெட்டை மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கமாகச் சாய்த்துவிட்டால், எஞ்சினும் முன் சக்கரங்களும் கடைத்தெருவில் விரித்த சாமான் மாதிரி கண் முன்னே கிடக்கும். பழுது பார்க்கவென்றே பிறந்த வண்டி என்று சொல்லலாம்.

புதுக் கார் வேண்டுமானால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் விசித்திரமான ஒரு நிலைமை ஏற்பட்டது. சில சமயம் ஓடிய கார், ஓடாத காரைவிட அதிக விலைக்குப் போயிற்று! புதியது கைக்கு வர வருஷங்கள் ஆகும். பழையது நாளைக் காலையில் வாசலில் நிற்கும் அல்லவா?

இப்படித்தான் நம் தேசத்தில் பழுது பார்க்கும் கலை வளர்ந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட்டார்கள். அதுவும் தேய்ந்தால் ஸ்லீவ் அடித்து மறுபடியும் முதல் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தார்கள். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் புது சாமானும், புதுப்பேட்டையில் பழைய சாமானும் கிடைத்தன. புதுப்பேட்டையில் ஒரு காரை அவிழ்த்துப் போடுகிற வேகத்தைப் பார்த்தவர்கள், துரியோதனன் சபையில் துச்சாதனன் இன்னும் கொஞ்சம் பழகியிருக்கலாம் என்று நினைப்பார்கள்.

இதைச் சிலர் நம்முடைய சிக்கன குணத்துக்கு அத்தாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. வேறு வழி இல்லாதவன் செய்வதற்குக் குணம் என்று பெயர் வைக்கக் கூடாது. கியூபா தேசத்தையே பாருங்கள். 1960-க்குப் பிறகு அமெரிக்க வர்த்தகம் அற்றுப் போனதால், ஹவானா நகரத்தார் ஐம்பதுகளில் வந்த அமெரிக்கக் கார்களைத் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். உலகத்தார் அதைப் படம் பிடித்து ரசித்தார்கள். ஓட்டியவர்கள் ரசித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நம் ஊரில் 1983 டிசம்பரில் மாருதி வந்தது. சர்க்கார் கம்பெனியும் ஜப்பானின் ஸுஸுகியும் கூட்டுச் சேர்ந்து செய்த சின்னக் கார். விலை ஏறக்குறைய ஐம்பதாயிரம். அதுவரையில் இல்லாத 'மாற்றலாமா?' என்ற கேள்வி முதல் தடவையாக நடுத்தரக் குடும்பத்துக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் கூடத்திலும் உட்கார்ந்தது. அப்பா 1971-ல் மூன்றாம் கையாக வாங்கிய வண்டி அது. 1962-ம் வருஷத்து மாடல். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். காலமான பிறகும் வண்டிக்கு மானம் உண்டு. 1984-ல் அது பெட்ரோலோடு எண்ணெயையும் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் வருகிறவர்களுக்குக் கார் தெரியாது, புகைதான் தெரியும்.

இராயப்பேட்டையில் ஒரு மேஸ்திரி இருந்தார். அப்பா அவரிடம், "என்னப்பா, இதை வைத்துக்கொள்வதா, விடுவதா?" என்று கேட்டார்.

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலைங்க ஐயா. போர் பண்ணிட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். நான் ஆச்சு" என்றார் மேஸ்திரி.

அப்பாவிடம் ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகம் இருந்தது. வண்டிக்குச் செய்த ஒவ்வொரு செலவையும் தேதியும் மைலும் போட்டு அதில் எழுதி வைப்பார். அன்று இரவு அதைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். புது வண்டிக்கு வேண்டிய பணத்தில் ஆறில் ஒரு பங்கில் பழுது பார்த்துவிடலாம். மிச்சம் அக்காவின் காலேஜுக்கு ஆகும். பழுதுதான் பார்த்தார். அக்கா படித்தாள். இன்றைக்கும் அவள் டாக்டராக இருப்பதற்கு அந்த மேஸ்திரியின் வேலை ஒரு காரணம்.

கதை அதோடு முடிந்திருந்தால் பழுது பார்ப்பதே உத்தமம் என்று முடித்துவிடுவேன். 1987 ஐப்பசி மாதம், நல்ல மழை. பாட்டியைப் பின் ஸீட்டில் உட்கார்த்திக்கொண்டு அப்பா கோடம்பாக்கம் மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி, தடையே இல்லாமல் தரை வரைக்கும் போயிற்று. அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் எண்ணெய் போவது ஒரே பாதையில்தான். ஓரிடத்தில் குழாய் விட்டுப் போனால் நாலும் போயிற்று. கை பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஒரு லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. பாட்டி, "ஏண்டா இங்கே நிறுத்திட்டே?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் கை நடுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மாதமே வண்டியை விற்றார். பிறகு சின்னக் கார் ஒன்று கிடைக்கிற வரையில் ஒன்றரை வருஷம் பஸ்ஸில் போனார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதி வைத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது: 'எஞ்சின் கெட்டால் பழுது பார்க்கலாம். சட்டம் துருப்பிடித்தால் யோசிக்க வேண்டும். உயிரைக் காக்கிற விஷயத்தில் புது வண்டிகள் முன்னே போய்விட்டால், பழைய வண்டி என்ன லாபம் காட்டினாலும் நஷ்டமே.'

இதை வைத்துக்கொண்டு என் வண்டியைப் பார்த்தேன். அது 2009-ம் வருஷத்து மாடல். மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்கு. பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கினார்கள். பழைய வண்டிகளை உடைத்துவிட ஊக்கம் தரும் கொள்கையை 2021-ல் அறிவித்தார்கள். ஸ்லோன் ஆசை காட்டிச் செய்ததைச் சர்க்கார் கட்டணம் போட்டுச் செய்கிறது என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நன்றாக ஓடுகிற இரும்பை உடைத்து, உருக்கி, மறுபடி இரும்பாக்குவதில் எவ்வளவு கரியும் மின்சாரமும் வீண்! 85,000-ஐச் செலவழித்து இன்னும் ஐந்து வருஷம் ஓட்டிக் காட்டுவது என்று ஏறக்குறையத் தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் வண்டியை ஓட்டுவது நான் இல்லை. என் மகள். வேலை முடிந்து இரவு பதினோரு மணிக்குப் பழைய மகாபலிபுரம் ரோடில் லாரிகளுக்கு நடுவே தனியாக வருகிறாள். என் வண்டியில் காற்றுப் பை கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிறுத்துகிற பிரேக் கிடையாது. 2019-லிருந்து இவை இரண்டும் புதுக் கார்களில் கட்டாயம். டிரைவருக்காவது காற்றுப் பை இருந்தே தீர வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். அப்பாவின் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். பெற்ற பெண்ணின் உயிரை வைத்துச் சிக்கனத்தை நிரூபிக்க எனக்கு உரிமை இல்லை.

அப்பா 1984-ல் பழுது பார்த்தார், நான் மாற்றினேன். இரண்டும் ஒரே கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்பா வண்டியை மாற்றியிருந்தால் அக்காவின் படிப்பு நின்றிருக்கும். இன்றைக்கு நான் மாற்றாமல் இருந்தால் மிச்சப்படுவது பணம் மட்டுமே.

பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போயிற்று. மெக்கானிக் கூடவே வந்தார். "எஞ்சின் நல்லா இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

புது வண்டி வந்த அன்று, நீல நோட்டுப் புத்தகத்தில் மிச்சமிருந்த ஒரு தாளில் தேதி போட்டு, கிலோமீட்டர் பன்னிரண்டு என்று எழுதினேன். மகள் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் போனிலேயே வரும்ப்பா" என்றாள். வரட்டும். பதினைந்து வருஷம் கழித்து அவள் முன்னாலும் யாராவது ஒரு சீட்டை நீட்டுவார்கள். அப்போது பிரித்துப் பார்க்க இதுவும் இருக்கட்டும்.